ஒவ்வொரு கழுத்தும் தனி வரைபடம்: சிரை வேறுபாடுகளும் அறுவை சிகிச்சையும்

1991ஆம் ஆண்டில் டெனிஸ், உரெட்ஸ்கி என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் 200 நோயாளிகளின் கழுத்தை அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தார்கள். அவர்கள் விடை தேடிய கேள்வி எளிமையானது. உட்கழுத்துச் சிரை, பாடநூல் சொல்லும் இடத்தில்தான் இருக்கிறதா? பெரும்பாலோரிடம் இருந்தது. 8.5 விழுக்காட்டினரிடம், அதாவது ஏறத்தாழப் பன்னிரண்டு பேரில் ஒருவரிடம், அப்படி இல்லை. சிலருக்குச் சிரை மிகவும் சிறுத்திருந்தது. சிலருக்கு அது கரோட்டிட் தமனியின் மேலேயே உட்புறமாக ஏறிக் கிடந்தது. சிலருக்கு வெளிப்புறமாக வெகுவாக விலகியிருந்தது. இன்னும் சிலருக்கு இரத்தம் உறைந்து அடைத்திருந்தது, அல்லது கருவியின் கண்ணுக்கே தென்படவில்லை. தோலின் மேல் விரலால் அடையாளம் பார்த்து ஊசி செலுத்துவதே அன்றைய வழக்கம். அந்த வழக்கத்தைப் பிழையின்றிப் பின்பற்றிய மருத்துவரும் இந்தப் பன்னிரண்டாவது நோயாளியிடம் தவறிவிட வாய்ப்பு மிகுதி.

கழுத்து மிகக் குறுகிய இடம். மூளைக்கு இரத்தம் ஏற்றும் தமனி, மூளையிலிருந்து இரத்தம் இறக்கும் சிரை, குரலையும் தோளையும் நாக்கையும் இயக்கும் நரம்புகள், மூச்சுக்குழாய், உணவுக்குழாய், தைராய்டு சுரப்பி என எல்லாம் சில சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கியிருக்கின்றன. இவற்றில் ஆளுக்கு ஆள் மிகுதியாக மாறுபடுபவை சிரைகள்தாம். அந்த வேறுபாடுகள் எப்படி உண்டாகின்றன, எந்த அறுவையில் எது இடர் தருகிறது, அதை முன்கூட்டியே அறிவது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடநூல் காட்டும் கழுத்து

கழுத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று முக்கியமான சிரைகள் இறங்குகின்றன. உட்கழுத்துச் சிரை பெரியது, ஆழத்தில் இருப்பது. மண்டையோட்டின் அடியில் உள்ள துளை வழியாக மூளையின் இரத்தத்தைப் பெற்று வெளியே வரும் இது, கரோட்டிட் தமனியோடும் வேகஸ் நரம்போடும் ஒரே உறைக்குள் இறங்குகிறது. காறை எலும்பின் உள்முனைக்குப் பின்னால் கையிலிருந்து வரும் சிரையோடு சேர்ந்து புயத்தலைச் சிரை ஆகிறது. வெளிக்கழுத்துச் சிரை தாடையின் கோணத்துக்கு அருகே தொடங்கி, கழுத்தில் சாய்வாக ஓடும் பெரிய தசையின் மேல் தோலுக்கு அடியிலேயே இறங்குகிறது. உரத்துப் பாடும்போதும் சுமை தூக்கும்போதும் கழுத்தில் புடைத்துத் தெரிவது பெரும்பாலும் இதுதான். முன்கழுத்துச் சிரை தாடைக்குக் கீழே தொடங்கி நடுக்கோட்டை ஒட்டி இறங்கி, மார்பெலும்புக்குச் சற்று மேலே பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. அந்த இடத்தில் இரு பக்கத்து முன்கழுத்துச் சிரைகளையும் இணைக்கும் ஒரு குறுக்குச் சிரையும் இருப்பதுண்டு.

பாடநூலின் படம் இதுதான். பலருடைய உடல்களைப் பார்த்து, மிகுதியாகக் காணப்பட்ட அமைப்பைத் தொகுத்து வரைந்த படம் அது. கற்பவருக்கு அது தேவை. ஆனால் மேசையில் படுத்திருக்கும் நோயாளி அந்தப் படத்துக்கு ஒத்துப்போயே தீரவேண்டும் என்பதில்லை.

வேறுபாடு தொடங்கும் இடம்

கருவின் நான்காம் வாரத்தில் தலைப்பகுதியின் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவர இருபுறமும் முன் கார்டினல் சிரைகள் உருவாகின்றன. உட்கழுத்துச் சிரை இவற்றிலிருந்தே வருகிறது. எட்டாம் வாரத்தையொட்டி, இடப்பக்க இரத்தத்தை வலப்பக்கம் கொண்டுசெல்லும் சாய்வான இணைப்பு ஒன்று ஏற்படுகிறது. அதுவே பின்னர் இடது புயத்தலைச் சிரை. அந்த இணைப்பு வலுப்பெற்றதும் இடப்பக்கத்துப் பழைய பாதையின் கீழ்ப்பகுதி சுருங்கி மறைகிறது. மேலோட்டமான சிரைகள் சற்றுப் பிந்தி, நுண்ணிய குழாய் வலைகளிலிருந்து உருவாகின்றன.

மழை நீர் மணற்பரப்பில் முதலில் பல ஓடைகளாகப் பரவி, பிறகு சிலவற்றை மட்டும் ஆழப்படுத்திக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுவதைப் போலத்தான் சிரைகளும் உருவாகின்றன. எந்தக் குழாயில் இரத்தம் மிகுதியாக ஓடுகிறதோ அது தடிக்கிறது, ஓட்டம் குறைந்தது மறைகிறது. மறைய வேண்டியது நிலைத்துவிட்டால் கூடுதல் சிரை உண்டாகிறது. நிலைக்க வேண்டியது மறைந்துவிட்டால் ஒரு சிரை இல்லாமற் போகிறது. சேர வேண்டிய இரண்டு சேராமலிருந்தால் சிரை பிளவுபட்டுத் தெரிகிறது. தோற்றத்தில் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் பெரும்பாலான வேறுபாடுகளைக் கருவளர்ச்சியின் ஏதோ ஒரு படியோடு பொருத்திவிட முடியும். இதனால் அறுவை மருத்துவருக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. ஒரு சிரை வழக்கமான இடத்தில் இல்லையென்றால், அது எங்கே போயிருக்கக்கூடும் என்று ஊகிக்கக் கருவியல் வழிகாட்டுகிறது.

இத்தகைய வேறுபாடு உள்ளவருக்கு அன்றாட வாழ்க்கையில் ஒரு குறையும் தெரிவதில்லை. இரத்தம் வேறு வழியாக இதயத்தைச் சேர்ந்துவிடுகிறது. கத்தியோ ஊசியோ கழுத்தைத் தொடும் நாளில்தான் அந்த வேறுபாடு பொருள் பெறுகிறது.

தோலுக்கு அடியில் உள்ள சிரைகள்

முகத்தின் இரத்தத்தைச் சேர்க்கும் முகச் சிரை, வழக்கமாக உட்கழுத்துச் சிரையில் போய்ச் சேரும். சிலரிடம் அது வெளிக்கழுத்துச் சிரையில் சேர்கிறது. அப்போது வெளிக்கழுத்துச் சிரை மிகவும் தடித்திருக்கும். வெளிக்கழுத்துச் சிரையே ஒரு பக்கம் இல்லாதவர்களும், ஒரே பக்கத்தில் இரண்டு உள்ளவர்களும் இருக்கிறார்கள். முன்கழுத்துச் சிரை இரண்டுக்குப் பதிலாக நடுக்கோட்டில் ஒன்றாக இறங்குவதும் உண்டு.

கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பை அகற்றும் அறுவையில், முகச் சிரையின் பொதுத்தண்டு முதன்மையான அடையாளம். அதைக் கட்டி வெட்டினால் தமனி இரண்டாகப் பிரியும் இடம் திறந்து கிடைக்கும். அந்தச் சிரை வேறெங்கோ போய்ச் சேர்ந்திருந்தால் அந்த அடையாளம் இல்லாமற் போகிறது. அதற்கு அருகில்தான் நாக்கை இயக்கும் நரம்பு குறுக்கே செல்கிறது. அடையாளத்தை மட்டும் நம்பி விரைந்து வெட்டுபவர் நரம்பைக் காயப்படுத்த நேரலாம்.

காதுக்கு முன்னால் உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளும் இதே போன்ற சிக்கல் உண்டு. அங்கே தாடைக்குப் பின்னால் இறங்கும் சிரைக்கு மேற்புறமாக முக நரம்பு செல்வது வழக்கம். நரம்பைத் தேடும் மருத்துவருக்கு அந்தச் சிரை ஒரு வழிகாட்டி. சிலரிடம் நரம்பின் கிளை சிரைக்கு அடியில் புகுந்து செல்கிறது. சிரைக்குக் கீழே நரம்பு இருக்காது என்ற நம்பிக்கையில் வெட்டினால், முகத்தின் ஒரு பகுதி அசைவிழக்கும்.

வாய்ப் புற்றுநோயை வெட்டியெடுத்த இடத்தில், கையிலிருந்தோ காலிலிருந்தோ எடுத்த திசுவை வைத்துத் தைக்கும் மறுசீரமைப்பு அறுவை இன்று பரவலாக நடக்கிறது. அந்தத் திசு உயிரோடிருக்க, அதன் தமனியையும் சிரையையும் நுண்ணோக்கியின் கீழ்க் கழுத்தின் குழாய்களோடு இணைக்க வேண்டும். இப்படி வைத்த திசு கெட்டுப்போகும்போது தமனி அடைப்பைவிடச் சிரை அடைப்பே பெரும்பாலும் காரணமாகிறது. ஆகவே கழுத்தில் பயன்படுத்தத் தக்க சிரை எது, அதன் அகலம் எவ்வளவு, அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை முன்பே அறிந்திருப்பது வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான வேறுபாடு ஆகிவிடலாம்.

வெளிக்கழுத்துச் சிரையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காறை எலும்புக்கு மேலே அது ஒரு தடித்த சவ்வைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்கிறது. வெட்டுப்பட்டால் அந்தச் சவ்வு சிரையின் வாயை மூடவிடாமல் இழுத்துப் பிடிக்கும். மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பில் அழுத்தம் குறைவதால் காற்று சிரைக்குள் புகுந்து இதயத்தை அடையக்கூடும். சிறு சிரைதானே என்று அலட்சியம் செய்யத் தகாத இடம் அது.

இரண்டாகப் பிரியும் உட்கழுத்துச் சிரை

1906இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த ஜார்ஜ் கிரைல், 132 அறுவைகளின் அனுபவத்தை வைத்து, கழுத்தின் நிணநீர் முடிச்சுகளைத் தொகுப்பாக அகற்றும் முறையை வெளியிட்டார். 1951இல் நியூயார்க்கின் ஹேய்ஸ் மார்ட்டின் அந்த முறையை உறுதிப்படுத்தினார். உட்கழுத்துச் சிரையையும், பெரிய சாய்வுத் தசையையும், தோளை உயர்த்தும் துணை நரம்பையும் முடிச்சுகளோடு சேர்த்தே எடுத்துவிடுவது அதன் வழி. புற்றுநோய் குறைந்தாலும் நோயாளியால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமற் போனது. 1963இல் அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ சுவாரெஸ், சவ்வுகளின் எல்லைகளைப் பின்பற்றினால் சிரையையும் தசையையும் நரம்பையும் காத்துக்கொண்டே முடிச்சுகளை அகற்றலாம் என்று காட்டினார். இத்தாலியின் எட்டோரே பொக்கா அதைப் பரப்பினார்.

இந்த மாற்றம் வந்த பிறகுதான் சிரை வேறுபாடுகள் அறுவை அரங்கில் பெரும் பொருள் பெற்றன. எல்லாவற்றையும் அகற்றும் அறுவையில், சிரை ஒன்றா இரண்டா என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. காப்பாற்றும் அறுவையில் அது ஒவ்வொரு வெட்டையும் தீர்மானிக்கிறது.

உட்கழுத்துச் சிரை சிலரிடம் கழுத்தின் மேற்பகுதியில் இரண்டாகப் பிரிந்து, கீழே மீண்டும் சேர்ந்துகொள்கிறது. இன்னும் அரிதாக, பிரிந்த இரண்டும் சேராமல் தனித்தனியாகவே இறங்குகின்றன. கழுத்து அறுவைகளில் ஆயிரத்துக்கு நான்கு என்ற அளவில் சிரை இப்படிப் பிரிவது காணப்பட்டதாக ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டு கிளைகளுக்கும் இடையில் உள்ள சாளரத்தின் வழியாகத் துணை நரம்பு கடந்து செல்வது வழக்கம். சிரை உருவாகும்போது நரம்பு குறுக்கே நின்று அது ஒன்றுசேர விடாமல் தடுத்தது என்று ஒரு விளக்கம் உண்டு. கருவில் இருந்த இணைச்சிரை மறையாமல் நின்றுவிட்டது என்பது இன்னொரு விளக்கம். மண்டையோட்டின் துளையில் எலும்பு வளர்ந்த விதமே காரணம் என்பாரும் உண்டு.

பிளவு இல்லாத கழுத்துகளிலும் நரம்புக்கும் சிரைக்கும் உள்ள உறவு ஒரே சீராக இல்லை. பெரும்பாலோரிடம் நரம்பு சிரையின் முன்புறமாகக் குறுக்கிடுகிறது, சிலரிடம் பின்புறமாகச் செல்கிறது. சிரையை முதலில் விடுவித்துவிட்டுப் பிறகு நரம்பைத் தேடினால், பின்புறம் செல்லும் நரம்பு கண்ணில் படுமுன்னே அறுபட்டுவிடக்கூடும். அதனால்தான் நரம்பை முதலில் கண்டு, அதன் முழுப் பாதையையும் பின்பற்றிய பிறகே சிரையைத் தொட வேண்டும் என்று தேர்ந்த அறுவை மருத்துவர்கள் கற்பிக்கிறார்கள்.

இந்தியாவில் இது அரிய சிக்கல் என்று ஒதுக்க முடியாது. புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கத்தால், வாய்ப் புற்றுநோய் இந்திய ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முன்வரிசையில் இருக்கிறது. முடிச்சுகள் தென்படாத தொடக்கநிலை வாய்ப் புற்றுநோயிலும், முன்கூட்டியே கழுத்து முடிச்சுகளை அகற்றினால் மூன்றாண்டு உயிர்பிழைப்பு 67.5 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடாக உயர்கிறது என்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015இல் காட்டியது. அதன் விளைவாக இன்னும் நோய் பரவாத கழுத்துகளும் அறுவைக்கு வருகின்றன. பல ஆண்டுகள் வாழவிருக்கும் அந்த நோயாளிகளுக்குச் சிரையும் நரம்பும் சேதமின்றித் திரும்பக் கிடைக்க வேண்டும்.

தைராய்டும் மூச்சுக்குழாயும்

தைராய்டு அறுவையை உயிர்காக்கும் கலையாக மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர். அதற்காக 1909இல் நோபல் பரிசு பெற்றார். இந்த அறுவையிலும் சிரைகளைக் கவனிக்க வேண்டும். சுரப்பியின் நடுப்பகுதியிலிருந்து ஒரு குட்டையான சிரை, கரோட்டிட் தமனிக்கு முன்னால் கடந்து நேராக உட்கழுத்துச் சிரைக்குள் செல்கிறது. சுரப்பியை உள்நோக்கித் திருப்பும் முன் இதைக் கட்டியாக வேண்டும். பலரிடம் இந்தச் சிரையே இருப்பதில்லை, சிலரிடம் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கிறது. கட்டி வளர்ந்த தைராய்டில் அது தடித்திருக்கும். அறியாமல் இழுத்தால் பெருஞ்சிரையின் சுவரிலேயே கிழிந்துவிடும். இரத்தம் பெருகும் அந்த நேரத்தில் அவசரமாகப் போடும் கட்டு, அருகில் உள்ள குரல்நாண் நரம்பைப் பதம் பார்க்கக்கூடும்.

மூச்சுத் திணறும் நோயாளிக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் குழாய் வைக்கும் அறுவையில் முன்கழுத்துச் சிரைகளும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சிரையும் வெட்டும் இடத்திலேயே வந்து நிற்கின்றன. அதைவிடப் பெரிய ஆபத்து, இடது புயத்தலைச் சிரை வழக்கத்தைவிட உயரத்தில் இருப்பது. மார்பெலும்புக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டிய அந்தச் சிரை, குழந்தைகளிடமும் சில பெரியவர்களிடமும் கழுத்துக் குழிக்குள் ஏறிவிடுகிறது. அறுவைக்காகக் கழுத்தைப் பின்னால் சாய்க்கும்போது அது இன்னும் மேலே வரலாம். வெட்டும் முன் குழியில் விரல் வைத்துத் தொட்டுப் பார்ப்பதும், இயன்றால் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பதும் சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடங்கள் பெரும் இரத்தப் போக்கைத் தவிர்க்கக்கூடும்.

ஊசி செல்லும் பாதை

தீவிர சிகிச்சைப் பிரிவிலும் டயாலிசிஸ் பிரிவிலும் உட்கழுத்துச் சிரைக்குள் குழாய் செலுத்துவது அன்றாட நிகழ்வு. வலப்பக்கச் சிரை நேராக இதயத்தை நோக்கி இறங்குவதால் அதையே முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். இடப்பக்கத்தில் குழாய் இரு முறை வளைய வேண்டியிருக்கிறது. ஆனால் வலப்பக்கத்திலும் சிரை எப்போதும் தமனிக்கு வெளிப்புறமாக விலகி நிற்பதில்லை. 1996இல் டிரோயானோஸ் என்னும் மருத்துவரின் குழுவினர் 1,136 நோயாளிகளைப் பார்த்தார்கள். தலையை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, ஊசி செல்லும் திசையில் பார்த்தபோது, அவர்களில் 54 விழுக்காட்டினரிடம் சிரை தமனியின் முக்கால் பங்குக்கு மேல் மூடிக் கிடந்தது. அத்தகையவரிடம் ஊசி சிரையின் பின்சுவரைத் தாண்டினால் தமனியைத்தான் குத்தும்.

அல்ட்ராசவுண்ட் இந்த இடரை வெகுவாகக் குறைத்தது. டெனிஸ் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஒப்பீட்டில், கருவியோடு செய்தபோது எல்லா நோயாளிகளிடமும் சிரை கிடைத்தது. உடல் அடையாளங்களை மட்டும் நம்பியபோது 88.1 விழுக்காட்டினரிடம்தான் கிடைத்தது. தமனியில் குத்துப்படுவது 8.3 விழுக்காட்டிலிருந்து 1.7 விழுக்காடாக இறங்கியது. 2002இல் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு, முன்திட்டமிட்டு உட்கழுத்துச் சிரையில் குழாய் வைக்கும்போது அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது.

கழுத்தைத் தாண்டி மார்பில் உள்ள வேறுபாடும் ஊசி செலுத்துபவரைக் குழப்பும். கருவில் மறைய வேண்டிய இடப்பக்கப் பாதை, பொதுமக்களில் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 விழுக்காட்டினரிடம் அப்படியே நிலைத்துவிடுகிறது. இடது கழுத்து வழியாகச் செலுத்திய குழாய், எக்ஸ்ரேயில் மார்பின் இடப்பக்கமாகவே இறங்குவதைக் கண்டதும் தமனிக்குள் போய்விட்டதோ என்று மருத்துவர் திகைப்பார். இந்த வேறுபாட்டை அறிந்தவர், அழுத்தத்தையும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் சோதித்து உண்மையைத் தெளிவார்.

மூளையின் வடிகால்

படுத்திருக்கும்போது மூளையின் இரத்தத்தைப் பெரும்பாலும் உட்கழுத்துச் சிரைகளே இறக்குகின்றன. நிமிர்ந்தால் அவை ஒடுங்கி, முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரை வலை அந்த வேலையில் பெரும்பங்கை ஏற்கிறது. 2000ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலம் உள்ளவர்களின் உட்கழுத்துச் சிரைகளில் படுத்த நிலையில் நிமிடத்துக்குச் சுமார் 700 மில்லிலிட்டர் ஓடிய இரத்தம், நிமிர்ந்த நிலையில் சுமார் 70 மில்லிலிட்டராகக் குறைந்தது.

பெரும்பாலோரிடம் வலது உட்கழுத்துச் சிரை இடதைவிடப் பெரியது. சிலரிடம் இந்த வேறுபாடு மிகையாகி, ஒரு பக்கச் சிரை வெறும் நூலாக இருக்கிறது. அத்தகையவரிடம் புற்றுநோய் பரவிய காரணத்தால் பெரிய பக்கச் சிரையைக் கட்ட நேர்ந்தால், முகம் வீங்கலாம், மூளைக்குள் அழுத்தம் உயரலாம், பார்வை கெடலாம். எதிர்ப்பக்கச் சிரை பணியை ஏற்கத் தக்கதா என்பதை அறுவைக்கு முன் எடுக்கும் சிடி ஸ்கேனிலோ எம்ஆர்ஐயிலோ பார்த்துவிட முடியும். இந்தக் கேள்வியைக் கதிரியக்க மருத்துவரிடம் யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

குழந்தைகளிடம் அழும்போதும் முக்கும்போதும் கழுத்தில் மென்மையான வீக்கம் தோன்றி, அமைதியானதும் மறைவதுண்டு. உட்கழுத்துச் சிரை விரிவடைவதே பல நேரங்களில் இதற்குக் காரணம். பெரும்பாலும் தீங்கற்ற இந்நிலையை டாப்ளர் ஸ்கேன் உறுதிசெய்துவிடும். அதைக் கட்டி என்று எண்ணிக் கத்தி வைப்பது, தேவையற்ற ஆபத்தைக் குழந்தைக்கு உண்டாக்கும்.

செய்ய வேண்டியவை

இவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். கழுத்து அறுவைக்கு எடுக்கும் ஸ்கேன் அறிக்கையில் கட்டியையும் முடிச்சையும் பற்றி எழுதுவதோடு, எந்தப் பக்கச் சிரை பெரியது, பிளவு உண்டா, முன்கழுத்துச் சிரை எவ்வளவு தடித்தது, புயத்தலைச் சிரை எந்த உயரத்தில் என்னும் நான்கு செய்திகளும் இடம்பெற வேண்டும். இதற்குப் புதிய கருவியோ கூடுதல் செலவோ தேவையில்லை.

நோயாளியின் படுக்கை அருகே அல்ட்ராசவுண்ட் கிடைக்க வேண்டும். இந்தியாவில் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இக்கருவிகள் பதிவுசெய்யப்பட வேண்டும். பெண் சிசுக்களைக் காக்கும் அந்தச் சட்டம் தேவையானது. அதற்கு முழுமையாக உட்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் டயாலிசிஸ் பிரிவுக்கும் தனியாகக் கருவியைப் பதிவுசெய்து வைப்பது மருத்துவமனை நிர்வாகங்களின் கடமை. நடைமுறைச் சிரமத்தைக் காரணம் காட்டி ஊசியைக் குருட்டாம்போக்கில் செலுத்துவதை ஏற்க முடியாது.

மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் கூடங்களில் காணும் ஒவ்வொரு வேறுபாடும் படத்தோடு பதிவாக வேண்டும். அறுவை அரங்கில் கண்டவையும் நோயாளியின் அறுவைக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். அதே கழுத்து மீண்டும் அறுவைக்கு வரும்போது அடுத்த மருத்துவருக்கு அது நேரடியாக உதவும். நம் மக்களின் கழுத்துகளில் எந்த வேறுபாடு எவ்வளவு பரவலானது என்பதை வெளிநாட்டு எண்களைக் கடன் வாங்காமல் சொல்ல, இப்படிச் சேரும் பதிவுகளே ஆதாரம். உடல்தானம் செய்பவர்கள் மாணவர்களுக்குத் தரும் கொடையின் பயன், அந்த உடல்களில் கண்டவற்றை முறையாக எழுதிவைக்கும்போதுதான் வகுப்பறையைக் கடந்து நோயாளியைச் சென்றடைகிறது.